காதிரைச்சல் உள்ளவரின் தூக்கத்தைக் குறித்து வைப்பது எப்படி

காதிரைச்சலோடு வருபவர்கள் முதலில் சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். காதுக்குள் வண்டு கத்துகிறது, குக்கர் விசில் நிற்காமல் அடிக்கிறது, ஙொய்யென்று ஒரே சத்தம் என்பார்கள். குறுக்கிடாமல் கொஞ்ச நேரம் பேசவிட்டால் அடுத்து வருவது தூக்கம். "பகல்ல எப்படியோ ஓட்டிடுறேங்க, ராத்திரிதான் முடியல." அந்த இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தத்தை அடியோடு நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை, ஆனால் கெட்டுப்போன தூக்கத்தைத் தேற்ற நல்ல வழிகள் இருக்கின்றன. தூக்கம் தேறியவர்களில் பலர், சத்தம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முன்பு போலப் படுத்துவதில்லை என்கிறார்கள். எனவே தூக்கம் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, அதற்குத்தான் குறித்து வைக்கச் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்), காது மூக்கு தொண்டை கிளினிக்கில் இருக்கும் நர்ஸ், வீட்டில் அப்பாவோ அம்மாவோ இந்தத் தொல்லையில் தவிப்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகள், எல்லாரும் இதைப் பயன்படுத்தலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, 2 வாரம் போதும்.

நோட்டை எடுக்கும் முன்

சில விஷயங்கள் இருந்தால் நோட்டெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர். ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து தப் தப் என்று கேட்பது, கூடவே தலைசுற்றல் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போய் அதோடு இரைச்சலும் தொடங்கியிருந்தால் அது அவசரம்: ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள், முடிந்தவரை முதல் சில நாளிலேயே, தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. "சளியா இருக்கும், போயிடும்" என்று ஒரு மாதம் காத்திருந்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. முகம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் இருந்தால் கிளினிக்குக்கும் போக வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி.

காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும். அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்துவிடுங்கள், ஏனென்றால் காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கேட்புக் குறைவு இருக்கும், அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிக அளவு ஆஸ்பிரின், சில ஆன்டிபயாடிக் ஊசிகள், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் போன்றவை காதைப் பாதிக்கக்கூடியவை. பட்டியல் டாக்டருக்காக. அதைப் பார்த்து நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக் கூடாது.

இன்னொன்று. "இப்படித் தூங்காம இருக்கிறதுக்குப் போய்ச் சேர்ந்துடலாம்" என்று பேச்சோடு பேச்சாக யாராவது சொன்னால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். உட்காரவைத்து நேராகவே கேளுங்கள், அப்படி நினைப்பு வருகிறதா என்று. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் அதற்கான எண் 1926. அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கும் தெரிய வேண்டும், மனநல டாக்டரையும் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

என்ன எழுதுவது

தினமும் காலையில், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், ஒரே ஒரு தடவை. ராத்திரியில் எதையும் எழுதக் கூடாது, கடிகாரத்தையும் பார்க்கக் கூடாது. இதை முதல் நாளே அழுத்திச் சொல்லிவிடுங்கள். தூக்கம் வராமல் கிடப்பவர் ஒவ்வொரு தடவையும் மணி பார்த்தால் "ஐயோ ரெண்டாயிடுச்சு, இன்னும் நாலு மணி நேரம்தான்" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார், அந்தப் பதற்றமே மிச்சத் தூக்கத்தையும் விரட்டிவிடும். படுக்கையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்துக்குச் சுவர்க் கடிகாரத்தை மாற்றுங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள். நேரமெல்லாம் குத்துமதிப்பாக இருந்தால் போதும். "சுமார் ஒரு மணி நேரம் புரண்டேன்" என்பது நமக்குப் போதுமான தகவல்.

எழுத வேண்டியவை இவ்வளவுதான்: எத்தனை மணிக்குப் படுத்தார், தூங்க முயன்றது எப்போது (படுத்துக்கொண்டே போன் பார்த்த நேரம் இதில் சேராது), தூங்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை விழித்தார், அப்படி விழித்திருந்தது மொத்தம் எவ்வளவு நேரம், கடைசியாக எப்போது விழிப்பு வந்தது, படுக்கையை விட்டு எப்போது எழுந்தார். அதோடு முந்தின நாள் பகலில் தூங்கினாரா, கடைசிக் காபி டீ எத்தனை மணிக்கு, மது உண்டா, தூக்க மாத்திரையோ சளி மாத்திரையோ போட்டாரா, அறையில் ஃபேன் ஓடியதா.

இரைச்சலுக்கு இரண்டே இரண்டு எண்கள். சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒன்று, அது எவ்வளவு தொல்லை கொடுத்தது என்று 0 முதல் 10 வரை இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். சத்தம் 7, தொல்லை 3 என்று ஒரு நாள் எழுதுவார், இன்னொரு நாள் சத்தம் 5, தொல்லை 9. சிகிச்சையில் நாம் முதலில் இறக்கப் பார்ப்பது தொல்லையைத்தான், சத்தத்தின் எண் அசையாமல் தொல்லையின் எண் மட்டும் இறங்குவதை நோட்டில் பார்க்கும்போது அவருக்கே ஒரு தெம்பு வரும்.

எழுதத் தெரியாதவர்கள், கண் தெரியாத பெரியவர்கள் என்றால் வீட்டில் ஒருவர் கேட்டு எழுதலாம். காலைக் காபி கொடுக்கும்போது, "அப்பா, நேத்து படுத்ததும் தூங்கிட்டீங்களா, நேரமாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டு எழுதிவிட்டு நோட்டை மூடிவிட வேண்டும். பாசத்தில் பலர் செய்யும் ஒரு காரியத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள்: "இப்பவும் கேக்குதாப்பா? சத்தம் இருக்கா?" என்று நாள் முழுக்க விசாரிப்பது. அவர் ஏதோ வேலையில் மறந்திருப்பார், நாம் கேட்டதும் கவனம் காதுக்குள் போய்விடும். சத்தத்தைக் கவனிக்காமல் விட மூளை பழகுவதுதான் நமக்கு வேண்டும், விசாரிப்பு அதற்கு நேர் எதிர். அதனால்தான் தூக்கத்தைப் பற்றி இத்தனை கேள்விகளும் இரைச்சலைப் பற்றி இரண்டே எண்களும்.

ஒரு நாள் பக்கத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். 10 மணிக்குப் படுத்தார், 11.30க்குத் தூங்கினார், 2 மணி வாக்கில் விழித்து முக்கால் மணி நேரம் கிடந்தார், 5.30க்கு விழிப்பு, 6 மணிக்கு எழுந்தார். படுக்கையில் இருந்தது 8 மணி நேரம், அதாவது 480 நிமிடம். தூங்கியது 11.30லிருந்து 5.30 வரை 6 மணி நேரம், அதில் 45 நிமிடம் கழித்தால் 315 நிமிடம். 315ஐ 480ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் சுமார் 66%. இதைத் தூக்கத்திறன் என்பார்கள். 85%க்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவு. வாரத்துக்கு ஒரு முறை சராசரி எடுத்தால் போதும், அதையும் நீங்கள் போடுங்கள், அவரைத் தினமும் போடவிடாதீர்கள்.

வாட்ச், பேண்ட், ஆப் பற்றி

"கையில் வாட்ச் இருக்கே, அதுவே எல்லாம் சொல்லுதே" என்பார்கள். சரி, அது எப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவோம். ஸ்மார்ட் வாட்ச் கை அசைவையும், தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி இதயத் துடிப்பையும் அளக்கிறது. அசைவு இல்லை, துடிப்பு குறைந்திருக்கிறது என்றால் ஆள் தூங்குகிறார் என்று கணிக்கிறது. தூங்குபவரைத் தூங்குகிறார் என்று சொல்வதில் இது கெட்டி. விழித்துக்கொண்டு அசையாமல் கிடப்பவரைக் கண்டுபிடிப்பதில் பலவீனம், அவரையும் தூங்குபவர் கணக்கில் சேர்த்துவிடும். காதிரைச்சல்காரர் ராத்திரியில் செய்வது பெரும்பாலும் அதுதான், கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடப்பது. ஆக யாருக்கு இது மிகவும் தேவையோ அவரிடம்தான் இது அதிகம் தவறும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று கலர் கலராகக் காட்டும் படங்களை இன்னும் குறைவாகத்தான் நம்பலாம். தலையில் மின்முனைகள் ஒட்டி எடுக்கும் ஸ்லீப் ஸ்டடிதான் அதற்கு அளவுகோல். நுகர்வோர் கருவிகளை மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2018லேயே சொல்லிவிட்டது.

நோட்டில் 5 மணி நேரம், வாட்சில் 6 மணி 50 நிமிடம் என்று வந்தால் "வாட்ச்ல பாருங்கம்மா, நீங்க நல்லாத்தான் தூங்கியிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் அவர் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உறக்கமின்மை உள்ளவர்கள் தாங்கள் தூங்கியதைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு, வாட்ச் கூட்டிச் சொல்வதும் உண்டு, உண்மை பெரும்பாலும் நடுவில் எங்கோ இருக்கும்.

வாட்ச் உருப்படியாகச் சொல்வது, எத்தனை மணிக்குப் படுக்கிறார் எழுகிறார் என்ற ஒழுங்கு. வார நாளில் 10.30, சனிக்கிழமை 1 மணி என்று தள்ளாடுவது அதில் பளிச்சென்று தெரியும். குறட்டையைப் பதிவு செய்யும் போன் ஆப்பும் உதவும், அதே அறையில் படுப்பவரின் சம்மதத்தோடு. வாட்ச் இல்லாதவரை வாங்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே இருப்பவரிடம், காலையில் எழுந்ததும் வாட்ச் தரும் தூக்க ஸ்கோரைப் பார்க்கும் பழக்கத்தை இந்த 2 வாரம் விடச் சொல்லுங்கள், முதலில் நோட்டை எழுதட்டும். ஸ்கோர் 61 என்று பார்த்துவிட்டால் அவர் நோட்டில் எழுதுவதும் 61க்கு ஏற்ற மாதிரி மாறிவிடும்.

2 வாரம் கழித்து நோட்டைப் படிப்பது

14 பக்கங்களையும் மேஜையில் விரித்து அவரோடு சேர்ந்து பாருங்கள். தூங்க ஆரம்பிக்கவே அரை மணிக்கு மேல் ஆகிறதா, நடுவில் விழித்தால் மறுபடி தூங்க முடியவில்லையா, விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா, நேரமெல்லாம் சரியாக இருந்தும் எழும்போது அசதியா? வழி இதைப் பொறுத்து மாறும்.

படுத்ததும் தூக்கம் வரவில்லை என்பதுதான் காதிரைச்சலில் அதிகம் கேட்கும் குறை. பகலெல்லாம் தெருச் சத்தம், டிவி, பேச்சு இருக்கும். படுக்கையில் வீடு அடங்கியதும் உள்ளே இருப்பது மட்டும் கேட்கும். காது மிஷின் போடுபவருக்கு இது இரட்டிப்பு, ஏனென்றால் படுக்கும்போது மிஷினைக் கழற்றி வைத்ததும் வெளிச்சத்தம் ஒரேயடியாகக் குறைந்துவிடுகிறது. நோட்டில் ஃபேன் ஓடியதா என்ற கட்டம் இதற்குத்தான். மார்கழியில் குளிருக்கு ஃபேனை நிறுத்தியதிலிருந்து சத்தம் கூடிவிட்டது என்று வருபவர்கள் உண்டு. கரண்டு போன ராத்திரியும் அப்படித்தான் பதிவாகும். காதில் எதுவும் மோசமாகியிருக்காது, துணைக்கு இருந்த சத்தம் போயிருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு அறையில் மெல்லிய, ஒரே சீரான சத்தம் ஒன்றை ஓடவிட வேண்டும்: மழைச் சத்தம், கடலலை, ஃபேன், எது பிடிக்கிறதோ அது. இரைச்சலை முழுக்க மூடிவிட வேண்டியதில்லை, அதைவிடக் கொஞ்சம் தணிவாக, இரண்டும் கலந்து கேட்கும் அளவுக்கு வைத்தால் போதும். எத்தனை பெரிதாகத் தோன்றினாலும், கருவியில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது பெரும்பாலோரின் இரைச்சல் அவர்களால் கேட்க முடிகிற மிகச் சிறிய சத்தத்தைவிட 10 டெசிபலுக்குள்தான் கூடுதலாக இருக்கும், ஆகவே மெல்லிய சத்தமே போதுமானது. (இதை நோயாளியிடம் சொல்லும்போது கவனம். "அவ்வளவு சின்னச் சத்தந்தான்" என்று கேட்டால் தன் வேதனையைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.) பாட்டு, பேச்சு வேண்டாம், மனசு அதன் பின்னாலேயே போகும். டைமர் வைத்து ஒரு மணி நேரத்தில் நின்றுவிடும்படி செய்தால் சிலருக்கு அந்த நிற்கும் கணத்திலேயே விழிப்பு வருகிறது, அவர்களுக்கு விடிய விடிய ஓடட்டும். பக்கத்தில் படுப்பவருக்குத் தொந்தரவு என்றால் தலையணைக்கு அடியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் கிடைக்கிறது. ஒரு வாரம் சத்தத்தோடு, ஒரு வாரம் இல்லாமல் என்று நோட்டில் ஒப்பிட்டால் இவருக்கு இது உதவுகிறதா என்பது தெரிந்துவிடும்.

நடுராத்திரி விழிப்புக்கும் விடியும் முன்பே வரும் விழிப்புக்கும் படுக்கையில் வெகு நேரம் வீணாகக் கிடப்பதற்கும் உறக்கமின்மைக்கான சி.பி.டி என்ற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் முதல் வழி. மாத்திரைக்கு முன்னால் இதைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016ல் பரிந்துரைத்தது. காதிரைச்சலால் தூக்கம் கெட்டவர்கள் 102 பேரை வைத்து லண்டனில் செய்து 2023ல் வெளியிட்ட ஆய்விலும், வழக்கமான ஆடியாலஜி கவனிப்பைவிட இந்தச் சிகிச்சை அதிகம் உதவியது. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் நடத்த வேண்டிய ஒன்று என்றாலும் அடிப்படையான சிலவற்றை நீங்களே சொல்லலாம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதுதான் படுக்கைக்குப் போக வேண்டும். கால் மணி இருபது நிமிடம் போலத் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் வந்ததும் திரும்ப வேண்டும். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றுதான்.

இதற்கு அடுத்த படி, படுக்கும் நேரத்தையே சுருக்குவது. மேலே போட்ட கணக்கில் 8 மணி நேரம் படுத்து 5 மணி சொச்சம்தான் தூங்குகிறார். அவரை 12 மணிக்குப் படுத்து 5.30க்கு எழச் சொல்வார்கள், தூக்கத்திறன் 85% தாண்டியதும் வாரம் 15 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் வாரம் பகலில் சொக்கிக்கொண்டு வரும். ஆகவே வலிப்பு நோய் உள்ளவர், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர், பஸ் லாரி ஓட்டுபவர், உயரத்திலோ இயந்திரத்திலோ வேலை செய்பவர் ஆகியோருக்கு மருத்துவ மேற்பார்வை இல்லாமல் இதைச் சொல்லவே கூடாது. தள்ளாத பெரியவர்கள் ராத்திரி எழுந்து நடந்தால் விழுந்துவிடும் பயமும் உண்டு, அவர்களுக்கு இதை மென்மையாக மாற்றித் தர வேண்டும்.

நான்காவது வகை, நேரம் சரி, அசதி போகவில்லை. குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டார் சொல்வது, காலைத் தலைவலி, ரத்த அழுத்தம், பருத்த கழுத்து இருந்தால் ஸ்லீப் ஆப்னியாவை நினைக்க வேண்டும், அவரை ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். இதை இரைச்சலின் தலையில் கட்டிவிட்டால் உண்மையான நோய் தப்பிவிடும்.

பகல் தூக்கக் கட்டத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சிலருக்கு மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்ததும் இரைச்சல் ஏறியிருக்கும், நோட்டு இல்லாமல் இது பிடிபடாது. காபியை முழுக்க நிறுத்தினால் இரைச்சல் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, திடீரென்று நிறுத்தினால் தலைவலிதான் வரும். காலைக் காபி அப்படியே இருக்கட்டும், சாயங்காலக் காபியை மட்டும் தூக்கத்துக்காக முன்னால் தள்ளிப் பாருங்கள்.

முன்னும் பின்னும் ஓர் அளவு

நோட்டு ஆரம்பிக்கும் நாளிலும் சுமார் 6 முதல் 8 வாரம் கழித்தும் ஒரே கேள்வித்தாளைக் கொடுங்கள். உறக்கமின்மைத் தீவிர அளவுகோலில் 7 கேள்விகள்தான், மொத்தம் 28, 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. இரைச்சலுக்கு 2012ல் வந்த டின்னிட்டஸ் ஃபங்ஷனல் இன்டெக்ஸ் என்ற கேள்வித்தாள் நல்லது (டின்னிட்டஸ் என்றால் காதிரைச்சல்), அதன் 25 கேள்விகளில் தூக்கத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது முழு நோட்டையும் நீட்டினால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. ஒரே தாளில் சராசரித் தூக்க நேரம், தூக்கத்திறன், தூங்க ஆகும் நேரம், விழிப்புகள், தொல்லை எண், மாத்திரைகள் என்று எழுதி மேலே வையுங்கள்.

எப்போது நிறுத்துவது

சிலர் குறிப்பதில் மூழ்கிவிடுவார்கள். தூக்கத்தின் எண்ணைத் துரத்தித் துரத்தியே தூக்கம் கெடுவதை 2017ல் சில மருத்துவர்கள் எழுதினார்கள், ஆர்த்தோசோம்னியா என்று பெயரும் வைத்தார்கள். ஏற்கெனவே தன் காதையே கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த ஆபத்து அதிகம். நேற்றைவிட இன்று 20 நிமிடம் குறைந்துவிட்டது என்று பதறுகிறார், படுக்கும் முன்பே நாளை என்ன எழுதுவோம் என்று யோசிக்கிறார், இரைச்சலுக்கு இரண்டு எண் கேட்டால் மணிக்கு ஒன்று என்று எழுதி வருகிறார் என்றால், 2 வாரம் முடியாவிட்டாலும் நோட்டை வாங்கி வைத்துவிடுங்கள். வாட்சையும் ராத்திரி கழற்றட்டும். இருக்கிற பக்கங்களை வைத்தே வேலை செய்யலாம்.

மற்றவர்களுக்கு 14 நாள் முடிந்ததும் நிறுத்தம். சி.பி.டி நடக்கும்போதும், அறைச் சத்தம் உதவுகிறதா என்று ஒப்பிடும்போதும் மட்டும் அந்த வாரங்களில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு மாத்திரை மாறினால், காது மிஷின் புதிதாகப் போட்டால், தூக்கம் மறுபடி 3 வாரத்துக்கு மேல் கெட்டால், ஒரு வாரம் எழுதி மூடினால் போதும்.